குட்டையின் மேல் நெட்டை, நெட்டையின் மேல் குட்டை

குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவதில், சங்கிலி, சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே மூன்றும் போட வருகிறது, ஆனால் எதைப் பின்னினாலும் தட்டையாகவே இருக்கிறது, தடவினால் கைக்குத் தெரிகிற மாதிரி மேடும் பள்ளமுமான ஒரு பின்னல் பழக வேண்டும், ஆரம்பத்தில் இருப்பவருக்கு எது எளிது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறீர்கள்: வீடியோ பார்த்து ஒன்றை முயன்றேன், பன்னிரண்டு வரிக்குள் துண்டு முக்கோணமாகிவிட்டது, எனக்கு இடது கைப் பழக்கம், அதனால்தான் வரவில்லையோ என்று. எனக்கு இந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எந்தப் பின்னல் என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: லெமன் பீல். முக்கோணம் ஏன் ஆனது என்று தெரியாமல் அடுத்த பின்னலுக்குப் போனால் அதுவும் முக்கோணமாகத்தான் வரும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் பதினாறு வருடமாகக் குரோஷே போடுகிறேன். அதில் ஒன்பது வருடம் வாரக் கடைசியில் நாலைந்து பேராக உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: புடைப்பு வருவதற்கு நீங்கள் புதிதாக ஒரு ஸ்டிச் கூடக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் சிங்கிளும் டபுளும் போதும். அவற்றை எந்த வரிசையில் அடுக்குகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

இனிமேல் சிங்கிளைக் குட்டை என்றும் டபுளை நெட்டை என்றும் சொல்கிறேன். வகுப்பிலும் அப்படித்தான் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பெயரிலேயே காரணம் இருக்கிறது. ஒரு வரி முழுக்கக் குட்டையாகவே போட்டால் எல்லாம் ஒரே உயரம், துணி தட்டை. முழுக்க நெட்டை போட்டாலும் அதே கதைதான், வரி மட்டும் உயரமாக இருக்கும். இப்போது ஒரு குட்டை, ஒரு நெட்டை, மறுபடி குட்டை, மறுபடி நெட்டை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நெட்டைக்கு இரண்டு பக்கமும் குட்டை நின்று கீழே இழுத்துப் பிடிக்கிறது. நிமிர இடமில்லாத நெட்டை வளைந்து வெளியே தள்ளுகிறது. அதுதான் புடைப்பு. அடுத்த வரியில் குட்டையின் மேல் நெட்டையையும் நெட்டையின் மேல் குட்டையையும் வைத்தால் புடைப்புகள் ஒன்றின் தலைமேல் ஒன்று நிற்காமல் இடம் மாறி மாறி விழும், துணி முழுக்கச் சின்னச் சின்ன மணியாகப் பரவும். எந்த இடத்தில் பார்த்தாலும் ஒரு குட்டையும் ஒரு நெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் இரண்டு வரிக்கு ஒருமுறை உயரம் சமமாகிவிடும். துண்டு எங்கும் தூக்கிக்கொண்டு நிற்காது. வரிக்கு வரி துணியைத் திருப்புகிறோம் அல்லவா, அதனால் புடைப்பு முன்னும் பின்னும் ஒரே மாதிரி வரும். மஃப்ளருக்கும் போர்வைக்கும் இது எவ்வளவு வசதி என்று பின்னிப் பார்த்தால் தெரியும், நல்ல பக்கம் கெட்ட பக்கம் என்று ஒன்றே இல்லை.

இந்தப் பின்னலுக்குத்தான் லெமன் பீல் ஸ்டிச் என்று பெயர். எலுமிச்சைத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருப்பதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. சிலர் இதையே கிரிடில் என்றும், இன்னும் சிலர் சீட் ஸ்டிச் என்றும் எழுதுகிறார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டுவார்கள். "குட்டையின் மேல் நெட்டை, நெட்டையின் மேல் குட்டை" என்ற விதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் அது இதுதான். இன்னொரு பெயர்க் குழப்பம் இதைவிடப் பெரியது. அமெரிக்க வழக்கில் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ் வழக்கில் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். குறிப்பில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று வந்தால் அது அமெரிக்க வழக்கு என்று எடுத்துக்கொள்ளலாம், பிரிட்டிஷ் வழக்கில் இன்று அந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. நீங்கள் பார்த்த வீடியோவில் இது கலந்திருந்தால் குழம்பியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. குறியீட்டுப் படம் இருந்தால் அதையே நம்புங்கள்: பெருக்கல் அல்லது கூட்டல் குறி குட்டை, ஆங்கில T எழுத்தின் தண்டில் ஒரு சாய்ந்த கோடு இருந்தால் நெட்டை.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிர் நிறம், ஒரே நிறம், வழவழப்பான நூல். லேபிளில் 4 என்று எண் போட்ட நடுத்தர நூல் கிடைத்தால் அதை எடுங்கள், அதற்கு 5.5 மில்லிமீட்டர் ஊசி. 3-ம் எண் நூல் என்றால் 5 மில்லிமீட்டர் போதும். கறுப்பு, கருநீலம், பல வண்ணம் கலந்தது, முடி முடியாக நிற்பது எதுவும் இப்போது வேண்டாம். புடைப்பு என்பது நிழலால் தெரிவது, கறுப்பில் நிழல் தெரியாது. பருத்தி நூலில் ஸ்டிச் மிகத் தெளிவாகத் தெரியும், ஆனால் நீளாது, கை சீக்கிரம் அசந்துவிடும். கம்பளி நூலுக்கும் நல்ல அக்ரிலிக் நூலுக்கும் கொஞ்சம் துள்ளல் இருப்பதால் முதல் துண்டுக்கு அவை கைக்கு இதம்.

சரி, பின்னுவோம். 21 சங்கிலிக் கண்ணி போடுங்கள். சங்கிலியைத் தளர்வாகப் போடுங்கள். கை இறுக்கம் என்றால் சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்துக்கொண்டு, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். சங்கிலி இறுகினால் அடிப்பக்கம் சுருங்கி, துண்டு விசிறி மாதிரி மேலே விரியும். இப்போது ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணியில் ஒரு குட்டை, அப்புறம் கண்ணிக்கு ஒரு குட்டை. வரி முடியும்போது 20 குட்டை இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். பல குறிப்புகளில் முதல் வரியிலேயே குட்டை நெட்டை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது தவறில்லை. ஆனால் சங்கிலிக்குள் நெட்டையை நுழைத்துப் போடுவது புதியவர் கைக்குச் சிரமம். ஒரு வரி குட்டையாகப் போட்டுத் தரையைச் சமமாக்கிக்கொண்டு அதன்மேல் கட்டலாம் என்பது என் கட்சி.

இரண்டாம் வரிக்கு ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்புங்கள். அந்தச் சங்கிலியை ஸ்டிச்சாக எண்ணக் கூடாது, அது ஊசி மேலே ஏறுவதற்கு ஒரு படி மட்டும். முதல் ஸ்டிச்சில் குட்டை, அடுத்ததில் நெட்டை, அடுத்ததில் குட்டை, அடுத்ததில் நெட்டை. 20 இரட்டைப்படை எண் என்பதால் வரி நெட்டையில் முடியும். மூன்றாம் வரிக்கு மறுபடி ஒரு சங்கிலி, திருப்பு. இப்போது ஊசிக்குக் கீழே முதலில் இருப்பது நெட்டை, அதன் மேல் குட்டை. அடுத்து இருப்பது குட்டை, அதன் மேல் நெட்டை. இப்படியே போனால் இந்த வரியும் நெட்டையில்தான் முடியும். நாலாவது, ஐந்தாவது, ஐம்பதாவது வரியும் இதேதான். எல்லா வரியும் குட்டையில் தொடங்கி நெட்டையில் முடியும். மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஓரத்தைக் கவனித்தீர்களா? ஒரு வரியின் முடிவில் நெட்டை, அதே ஓரத்தில் அடுத்த வரியின் தொடக்கத்தில் குட்டை. ஓரமும் தானாகவே சமப்பட்டு நேராக நிற்கும். நெட்டையில் தொடங்கும் பின்னல்களில் முதலில் மூன்று சங்கிலி போட வேண்டியிருக்கும், அந்த இடத்தில் ஓரத்தில் ஒரு ஓட்டை விழும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. புதியவருக்கு நான் இதையே முதலில் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் மூன்று நாலு வரியில் ஒன்றும் தெரியாது. கசங்கின மாதிரி, ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரிதான் இருக்கும். இந்த இடத்தில் நிறையப் பேர் பிரித்துவிடுகிறார்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள். எட்டாவது வரி முடிந்ததும் துண்டை மேசையில் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி பாருங்கள். மணிகள் வரிசை கட்டி நிற்பது அப்போது தெரியும்.

இனி முக்கோணத்துக்கு வருவோம். எந்தப் பின்னலை முயன்றீர்கள் என்று எழுதவில்லை, துண்டின் படமும் இல்லை, அதனால் எந்த இடத்தில் தவறியது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் துண்டு முக்கோணமாகிறது என்றால் வரிக்கு வரி ஸ்டிச் குறைகிறது, அதில் சந்தேகமே இல்லை. போகப்போகக் கை இறுகினாலும் துண்டு கொஞ்சம் ஒடுங்கும், ஆனால் கூம்பாகாது. உங்கள் பழைய துண்டு கையில் இருந்தால் முதல் வரியையும் கடைசி வரியையும் எண்ணிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். புதியவர்களிடம் ஸ்டிச் குறைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் என்று என் அனுபவம் சொல்கிறது: வரியின் கடைசி ஸ்டிச்.

ஏன் அங்கே என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்டிச்சின் தலையிலும் இரண்டு இழை சேர்ந்து படுத்த நிலையில் ஆங்கில வி எழுத்துப் போல இருக்கும். வரியை மேலிருந்து பார்த்தால் இந்த வி-க்கள் ஜடை மாதிரி நீளமாக ஓடும். ஊசி நுழைய வேண்டியது அந்த வி-யின் இரண்டு இழைக்கும் அடியில். நடுவில் இருக்கும் வி-க்கள் பளிச்சென்று தெரியும். வரியின் கடைசியில் நிற்பதோ, முந்தைய வரியின் முதல் குட்டை. அதைப் போடும்போது திருப்பத்தில் கை இறுகியிருக்கும். அதன் பக்கத்திலேயே ஏறுவதற்குப் போட்ட சங்கிலி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் நிற்கும் நெட்டை தன் உடம்பால் அதைக் கொஞ்சம் மறைக்கும். ஆக, அந்தக் கடைசி வி சின்னதாக, இறுகிப்போய், பின்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். கண் அதைச் சங்கிலியின் முடிச்சு என்று நினைத்துத் தாண்டிவிடும். ஒரு ஸ்டிச் போச்சு. அடுத்த வரியில் மறு ஓரத்தில் இன்னொன்று. பன்னிரண்டு வரியில் பன்னிரண்டு குறைந்தால் 20 எட்டாகிவிடும், அதுதான் உங்கள் முக்கோணம்.

மருந்து எளிது. ஒவ்வொரு வரியிலும் முதல் குட்டையைப் போட்ட உடனே, அதன் வி-யில் ஒரு ஊக்கை மாட்டுங்கள். குரோஷேக்கென்று வரும் பூட்டு ஊக்கு இருந்தால் நல்லது. இல்லையென்றால் வேறு நிறத்தில் ஒரு சாண் நூலை அதில் கோத்து விட்டாலும் போதும். வரி போட்டு முடித்துத் திருப்பி, மறுபடி இந்தப் பக்கம் வந்து சேரும்போது ஊக்கு உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். ஊக்கை எடுத்துவிட்டு அந்த வி-யில் கடைசி நெட்டையைப் போடுங்கள். இருபது வரி இப்படிப் போட்டால் கண் பழகிவிடும், ஊக்கு தேவைப்படாது. அதற்கு முன்னால் ஊக்கை விடாதீர்கள்.

இந்தப் பின்னலை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சிபாரிசு செய்வதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. இது தவறைத் தானே காட்டிக்கொடுக்கும். முழுக்கக் குட்டை போடும் துண்டில் ஒன்றை விட்டுவிட்டால் எண்ணாதவரை தெரியாது. இங்கே அப்படியில்லை. நீங்கள் இப்போது போட்டு முடித்தது குட்டை என்றால் அடுத்தது நெட்டையின் முறை. ஊசி நுழையப்போகும் இடத்தைப் பாருங்கள். கீழே குட்டை இருந்தால் எல்லாம் சரி. கீழேயும் நெட்டை நிற்கிறதா? அப்படியானால் ஒன்றைத் தாண்டிவிட்டீர்கள், அல்லது ஒரே இடத்தில் இரண்டு போட்டுவிட்டீர்கள். தவறு நடந்த அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. பிரிக்க வேண்டியது இரண்டு மூன்று ஸ்டிச் மட்டும். நடுவில் போன் வந்து எழுந்து போனாலும் கவலை இல்லை. திரும்பி வந்து கீழே இருப்பது எது என்று பார்த்தால் மேலே போட வேண்டியது எது என்று தெரியும். கீழே நிற்பது குட்டையா நெட்டையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வி-க்குக் கீழே தண்டைப் பாருங்கள். நெட்டையின் தண்டு நீளமாக இருக்கும், நடுவில் ஒரு இழை சாய்வாகக் குறுக்கே ஓடும். குட்டைக்குத் தண்டே இல்லாத மாதிரி, தலைக்குக் கீழே ஒரு முடிச்சுதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் துணியை மேலும் கீழுமாக லேசாக இழுத்துப் பிடியுங்கள், வளைந்திருக்கும் நெட்டை நிமிர்ந்து முகம் காட்டும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். குட்டை ஒன்று, நெட்டை ஒன்று என்று ஜோடியாக இரண்டைத் தாண்டிவிட்டால் வரிசை கெடாது, கண்ணுக்கும் தெரியாது. அதனால் நாலு வரிக்கு ஒருமுறை 20 இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வரியும் எண்ண வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் பத்து வரிக்கு நானும் அதைத்தான் சொல்வேன், அதற்குப் பிறகு அது அலுப்பு, பின்னுகிற சந்தோஷமே போய்விடும்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணி மூன்று மாதமாகக் குட்டை மட்டுமே போட்டு, எல்லாத் துண்டும் கோணிப்போய், இனிமேல் வேண்டாம் என்று நூலையெல்லாம் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார், எனக்கே கொடுத்துவிடுவதற்காக. அந்தப் பையிலிருந்தே ஒரு பழுப்பு நூலை உருவி 21 சங்கிலி போட்டுக் கொடுத்தேன். ஆறாவது வரியில் சட்டென்று நின்றார். "இங்க ரெண்டு நெட்டை பக்கத்துல பக்கத்துல வருதே" என்றார். நான் அப்போது வேறொருவர் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவராகவே கண்டுபிடித்து, அவராகவே பிரித்து, சரியாகப் போட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். ஸ்டிச்சைப் பார்த்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஒருவர் கையும் தெளிந்துவிடுகிறது என்பதை நான் அன்று மட்டும் அல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிரிக்கப் பயப்பட வேண்டாம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். இரட்டை ஊசியில் போடும் பின்னலில் ஒரு வரி முழுக்க வளையங்கள் ஊசியில் தொங்கும், நழுவினால் ஓடிவிடும். குரோஷேயில் ஒரு ஸ்டிச் முடிந்ததும் ஊசியில் ஒரே ஒரு வளையம்தான் இருக்கும். ஊசியை எடுத்துவிட்டு நூலை மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு ஸ்டிச்சாகக் கழன்று வரும், எங்கே நிறுத்துகிறீர்களோ அங்கே நிற்கும்.

சிலருக்கு எண்ணிக்கை சரியாக இருக்கும், ஓரம் நேராக இருக்கும், ஆனால் புடைப்பு எழும்பாது. இது கை சம்பந்தப்பட்டது. நெட்டை போடும்போது ஊசியில் நூலைச் சுற்றி, வி-க்குள் நுழைத்து, முதல் வளையத்தை இழுத்து மேலே கொண்டுவருகிறோம் அல்லவா, அந்த ஒரு இழுப்புதான் நெட்டையின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. வி-யை ஒட்டியே நிறுத்திவிட்டால் நெட்டை குட்டையாகவே நிற்கும், இரண்டுக்கும் உயர வித்தியாசம் இல்லாமல் போகும், வளைவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வளையத்தைக் கொஞ்சம் தாராளமாக மேலே தூக்குங்கள், அப்புறம் வழக்கம் போல இரண்டு இரண்டாக முடியுங்கள். குட்டையை மட்டும் அடக்கமாகப் போடுங்கள். அடுத்த இரண்டு வரியிலேயே வித்தியாசம் கைக்குத் தெரியும். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்கு அளவு சொல்ல முடியாது, நூலுக்கு நூல், கைக்குக் கை மாறும். தூக்கியது அதிகமானால் பக்கத்தில் ஓட்டை தெரியும், அப்போது குறைத்துக்கொள்ளுங்கள்.

முக்கோணத்துக்கு நேர்மாறாக, துண்டு அகலமாகிக்கொண்டே போனால் ஏறும் சங்கிலியின் தலையிலும் ஒரு ஸ்டிச் போட்டுவிடுகிறீர்கள் என்று அர்த்தம். வரி குட்டையில் முடிந்து உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும். ஓரம் இல்லாமல் நடு நடுவே கூடினால் துணி இலைக்கோஸ் மாதிரி அலை அலையாக நெளியும். இது தவறிச் செய்தால்தான் தவறு. லாட்வியாவில் பிறந்த கணிதப் பேராசிரியர் டைனா டைமினா, 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வேண்டுமென்றே ஒரே விகிதத்தில் ஸ்டிச்சைக் கூட்டிக்கொண்டே போய், ஹைப்பர்போலிக் தளம் என்ற கணித வடிவத்தைக் கையில் தொட்டுப் பார்க்கும்படி குரோஷேயில் பின்னிக் காட்டினார். காகிதத்தில் செய்த மாதிரிகள் கிழிந்துகொண்டே இருந்த இடத்தில் இந்த ஊசியும் நூலும் நின்று கொடுத்தன. எண்ணிக்கையில் ஒன்று கூடினால் துணியின் வடிவமே மாறும் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது, அதனால்தான் எண்ணச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இடது கைக்கு வருகிறேன். முக்கோணத்துக்கும் இடது கைக்கும் சம்பந்தம் இல்லை, இது உறுதி. எழுதிய குறிப்பு உங்களுக்கும் அப்படியே பொருந்தும். நாங்கள் வலமிருந்து இடமாகப் போவோம், நீங்கள் இடமிருந்து வலமாகப் போவீர்கள், அவ்வளவுதான். லெமன் பீலுக்குச் சாய்வோ திசையோ இல்லாததால் முடிந்த துண்டைப் பார்த்து எந்தக் கை பின்னியது என்று சொல்வது கடினம். வலது கைக்காரர் வீடியோவைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் படத்தைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிப் பாருங்கள், பல செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் நூலை விரலில் எப்படிச் சுற்றுவது, எந்த விரலால் இறுக்கம் பிடிப்பது என்பதில் என் பேச்சைவிட இடது கைக்காரர் ஒருவர் காட்டுவது உங்களுக்கு உதவும். நான் சொல்லிக்கொடுத்ததில் இடது கைக்காரர் இரண்டே பேர், அதை வைத்து அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு அடுத்து எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. நிறையப் பேர் புதியவருக்கு மாஸ் ஸ்டிச்சை முதலில் சொல்வார்கள், லினன் என்றும் கிரானைட் என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஒரு குட்டை, ஒரு சங்கிலி, ஒன்றைத் தாண்டு என்று போகும். அழகான பின்னல், துணி மெலிதாக, நன்றாகத் துவண்டு விழும். ஆனால் அதில் குட்டையைச் சங்கிலியின் இடைவெளிக்குள் போட வேண்டும், வரியின் கடைசி ஸ்டிச் வழக்கமாகத் திரும்பும் சங்கிலியின் இடைவெளிக்குள் போகும். ஏற்கெனவே ஓரத்தில் தடுமாறும் ஒருவருக்கு அது இரண்டாவதாக வரட்டும். புடைப்பும் அதில் குறைவு, நெய்த துணி மாதிரி இருக்கும். சூசெட் என்பது ஒரே வி-யில் ஒரு குட்டையும் ஒரு நெட்டையும் போட்டு அடுத்ததைத் தாண்டுவது, இதன் தங்கை என்று சொல்லலாம், ஒரு வாரத்தில் வந்துவிடும். வாஃபிள் பின்னலில் தண்டைச் சுற்றி ஊசி போக வேண்டும். பாப்கார்ன், பாபிள் எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நூலைத் தின்னும், புதிய கைக்கு ஒவ்வொரு உருண்டையும் ஒவ்வொரு அளவில் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்காமல் எடை போட்டுத் தெரிந்துகொள்ளலாம். புடைப்பான பின்னல் பொதுவாகத் தட்டையானதைவிட அதிக நூல் கேட்கும், எவ்வளவு அதிகம் என்பது நூலையும் கையையும் பொறுத்தது. உங்கள் பயிற்சித் துண்டை 10 சென்டிமீட்டர் சதுரமாகப் பின்னி எடை பாருங்கள். 7 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் நீளத்தில் மஃப்ளர் என்றால் அப்படி 30 சதுரம், 210 கிராம். 100 கிராம் உருண்டை மூன்று வாங்க வேண்டும். ஒரே சாய எண் உள்ளதாகப் பார்த்து மூன்றையும் ஒன்றாக வாங்கிவிடுங்கள், பின்னால் போய் வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறும்.

முடித்த துண்டை, அது அக்ரிலிக் நூல் என்றால், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் அக்ரிலிக் துவண்டு தட்டையாகிவிடும், நீங்கள் பாடுபட்டு எழுப்பிய மணிகள் திரும்ப எழும்பாது. எந்த நூலானாலும் தண்ணீர் தெளித்து, கையால் தட்டிச் சதுரமாக்கி, காற்றில் காய விடுவது போதும். கம்பளியை இழுத்துக் குண்டூசி குத்திக் காய வைத்தாலும் புடைப்பு அமுங்கும், அதனால் அளவுக்கு மேல் இழுக்க வேண்டாம்.

இந்த வாரம் 20 ஸ்டிச்சில் 20 வரி போட்டுப் பாருங்கள். அப்போதும் கோணினால் பிரித்துவிடாதீர்கள். துண்டைத் தட்டையாக விரித்து, இரண்டு ஓரமும் தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். முதல் வரியிலும் கடைசி வரியிலும் எத்தனை ஸ்டிச் என்பதையும் எழுதுங்கள். எந்த வரியில், எந்த ஓரத்தில் விட்டுப்போனது என்று பார்த்துச் சொல்கிறேன்.